பள்ளிக்கூடம் மூடினால் எந்த வீடு திறக்கும்?



சென்ற வாரம் ஒரு வாசகியின் கடிதம் வந்தது. அவருடைய பெண் கல்யாணமாகி அமெரிக்கா போயிருக்கிறாளாம். பேரனை இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். "குளிர் ஜாஸ்தி என்று வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்களாம். குளிர்தேசத்தில் குளிரத்தானே செய்யும்? அதற்குப் பயந்து லீவு விட்டால் குழந்தைகள் எப்போது படிப்பது? பெற்றவர்கள் எப்படி வேலைக்குப் போவது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். சில வருஷங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். அதற்கான பதில், என் மகள் வீட்டு ஜன்னலோரத்தில் நின்றபடி எனக்குக் கிடைத்தது. அதை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் மகள் இருப்பது மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில். வரைபடத்தை எடுத்துப் பார்த்தீர்களானால் அமெரிக்காவின் வடக்கு ஓரம். அதற்கு மேலே கானடாதான். 2018 டிசம்பரில் நான் அங்கே போனேன். மகளுக்கு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாப்பிள்ளை வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவர். பேரனுக்கு அப்போது ஏழு வயசு.

ஜனவரி கடைசி வாரம். ராத்திரி சாப்பாடு ஆனதும் மகளுடைய போனில் 'டிங்' என்று ஒரு சேதி வந்தது. படித்தவள், "போச்சு! நாளைக்கும் நாளன்னிக்கும் ஸ்கூல் கிடையாதாம்மா" என்றாள். பேரன் சோபாவிலிருந்து எகிறிக் குதித்தான்.

மறுநாள் காலையில் எழுந்து திரையை விலக்கிப் பார்த்தால் எனக்கு ஒரே ஆச்சரியம். பனி கொட்டவில்லை. புயலும் இல்லை. ஆகாயம் துடைத்து வைத்தாற்போல நீலம். வெயில் பளீரென்று அடிக்கிறது!

"என்னடி இது, இவ்வளவு நல்ல வெயில் அடிக்கிறது. இதற்குப் போய் லீவா?" என்றேன்.

மகள் சிரித்தாள். "அம்மா, அந்த வெயிலைப் பார்த்து ஏமாந்துடாதே. கையுறை போடாம வெளியே போய் நின்னா அஞ்சு, பத்து நிமிஷத்துல விரல் விறைச்சுடும்" என்றாள்.

அவள் சொன்னது மிகையில்லை. 2019 ஜனவரி 30-ஆம் தேதி காலை மினியாபொலிஸில் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி. (நான் சொல்வதெல்லாம் நம் ஊர் செல்சியஸ் கணக்கு.) காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், உடம்புக்குத் தெரிகிற குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரியையும் தாண்டிவிட்டது. மழையானாலும் பனியானாலும் கடிதம் கொண்டு தருகிற அமெரிக்கத் தபால்காரர்களே அன்றைக்கு மினசோட்டா முதலான மாநிலங்களில் பட்டுவாடாவை நிறுத்திவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

காற்று செய்கிற வேலை

'காற்றையும் சேர்த்துக் கணக்கு' என்றேனே, அது என்ன? சமையலறையில் தினம் நாம் செய்கிற காரியம்தான். குழந்தைக்குப் பால் சூடாக இருந்தால் என்ன செய்கிறோம்? ஊதி ஆற்றுகிறோம். அல்லது விசிறிக்குக் கீழே வைக்கிறோம். பாலின் மேலே தங்கியிருக்கிற சூடான காற்றை ஊதித் தள்ளிவிட்டால், பால் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

நம் உடம்பும் அப்படித்தான். தோலை ஒட்டி மெல்லிய போர்வை மாதிரி ஒரு வெதுவெதுப்பான காற்று எப்போதும் இருக்கும். குளிர்காற்று வீசும்போது அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடுகிறது. உடம்பு மறுபடி சூட்டை உண்டாக்க, காற்று மறுபடி உருவ, இப்படியே போனால் மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி இவற்றில் ரத்த ஓட்டம் குறைந்து சதையே உறைந்துபோகிறது. குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கிறார்கள். விளையாட்டு மும்முரத்தில் விரல் மரத்துப்போனதையும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்த ஊர்ப் பள்ளிக்கூட நடைமுறையைப் பாருங்கள். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து வீட்டு வாசல்தோறும் வராது. தெரு முனையில் நிற்கும். விடிந்தும் விடியாத வேளையில் குழந்தைகள் அங்கே போய்க் காத்திருக்க வேண்டும். அன்றைக்கென்று பேருந்து கால் மணி தாமதமானால்? வழியில் பழுதாகி நின்றுவிட்டால்? வகுப்பறைக்குள் சூடாகத்தான் இருக்கிறது. அதைப் போய்ச் சேருவதற்குள் இருக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் ஆபத்து. பள்ளிக்கூடத்தை மூடுவது முக்கியமாக அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்.

பேருந்து பழுதாவதும் அபூர்வமில்லை. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்து கட்டியாகிவிடுகிறதல்லவா? டீசலிலும் மெழுகு மாதிரி ஒரு பொருள் கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அது திரண்டு குழாயை அடைத்துக்கொள்ளும். வண்டி கிளம்பாது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிப்பதும் உண்டு.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர்

சரி, மூடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நம் ஊரில் மழை என்றால் கலெக்டர் லீவு விட்டாரா என்று காலையில் டி.வி.யைப் பார்க்கிறோம். அமெரிக்காவில் பள்ளிகளெல்லாம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருக்கின்றன. நாடு முழுவதும் 13,000-க்கு மேற்பட்ட வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை அதிகாரி. அவரை சூப்பரின்டென்டென்ட் என்கிறார்கள். முடிவு அவருடையது.

கடுங்குளிர் என்றால் வானிலைக்காரர்கள் ஓரிரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுவார்கள். அதனால் முதல் நாள் மாலையே அறிவித்துவிடலாம். என் மகளுக்கு ராத்திரியே சேதி வந்தது அதனால்தான். பனிப்பொழிவு அப்படியில்லை. எத்தனை அங்குலம் விழும், எப்போது நிற்கும் என்று கடைசி நிமிஷம் வரை நிச்சயமாகத் தெரியாது. அப்படிப்பட்ட நாட்களில் அந்த அதிகாரி விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறார். சில பேர் தாங்களே காரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஓட்டிப் பார்ப்பார்களாம். பனி அள்ளுகிற வண்டிக்காரர்களைக் கேட்பார், பேருந்துக்காரர்களைக் கேட்பார், பக்கத்து வட்டாரத்து அதிகாரியைக் கேட்பார். முதல் பேருந்து கிளம்புவதற்கு முன்னால், ஐந்து, ஐந்தரை மணிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் பெற்றோர்கள் ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அகர வரிசையில் வாசிக்கிற பள்ளிப் பெயர்களில் தங்கள் ஊர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்களாம். இப்போது போனிலேயே வந்துவிடுகிறது.

முழு நாள் லீவு என்பதுதான் எப்போதும் முடிவு என்றில்லை. வெளிச்சம் வந்து சாலையையும் சரிசெய்த பிறகு, இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறப்பதும் உண்டு.

சாலையில் உப்புத் தூவுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐஸ்கிரீம் செய்கிற வாளியில் ஐஸ்கட்டியோடு கல் உப்பைப் போட்டுச் சுற்றுவோமே, அதே சங்கதிதான். உப்புப் பட்டால் பனிக்கட்டி பூஜ்யத்துக்குக் கீழேயும் உருகும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 9, 10 டிகிரி வரைதான் சாதாரண உப்பு நன்றாக வேலை செய்யும். அதற்கும் கீழே போனால் எவ்வளவு கொட்டினாலும் சாலை கண்ணாடி மாதிரி வழுக்கும்.

என்பது கஜ தூரம்

"இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமா?" என்று நான் கேட்டபோது, மகள் 1888-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னாள். கதையில்லை, நடந்தது.

அந்த வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி, வியாழக்கிழமை. நெப்ராஸ்கா, டகோட்டா, மினசோட்டா பக்கத்துச் சமவெளி முழுவதும் பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு அன்று காலை இதமாக விடிந்தது. தாய்மார்களுக்குச் சந்தோஷம். கனமான கோட்டு இல்லாமலே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்போதெல்லாம் வயல்வெளிக்கு நடுவே ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், ஒரே ஒரு ஆசிரியை, அவளுக்கே பெரும்பாலும் இருபது வயசு இருக்காது.

பள்ளி நடந்துகொண்டிருக்கும்போது வடமேற்கிலிருந்து புயல் வந்து அறைந்தது. மாவு சலித்தாற்போலப் பொடிப் பனி. நீட்டிய கை தெரியவில்லை. சில மணி நேரத்துக்குள் குளிர் பயங்கரமாக இறங்கிவிட்டது. குழந்தைகளை உள்ளேயே வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா? கேட்பதற்கு ஆளில்லை, போன் இல்லை.

நெப்ராஸ்காவில் பிளெயின்வியூ என்ற ஊருக்கு அருகே லோயி ராய்ஸ் என்ற ஆசிரியையிடம் மூன்று குழந்தைகள் இருந்தார்கள். ஒன்பது வயசுப் பையன்கள் இருவர், ஆறு வயசுச் சிறுமி ஒருத்தி. பிற்பகல் மூன்று மணிக்கு அடுப்பெரிக்க விறகு தீர்ந்துபோயிற்று. அவள் குடியிருந்த வீடு சுமார் 80 கஜ தூரத்தில்தான் இருந்தது. நம் தெருவில் நாலைந்து வீடு தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வழி தவறிவிட்டது. மூன்று குழந்தைகளும் குளிரில் விறைத்து இறந்துபோனார்கள். ஆசிரியை பிழைத்தாள், ஆனால் அவள் பாதங்களை எடுக்கும்படி ஆயிற்று.

அந்தப் புயலில் இறந்தவர்கள் 235 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. அதனால் அதற்கு 'பள்ளிக்கூடப் புயல்', 'குழந்தைகள் புயல்' என்றே பெயர் வந்துவிட்டது. குழந்தைகளைப் பத்திரமாக வழிநடத்திக் காப்பாற்றிய மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியையும் அதே நெப்ராஸ்காவில் இருந்தாள். அவளை நாடே கொண்டாடியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆசிரியைகளுக்கும் துணிச்சல் இருந்தது, குழந்தைகள்மேல் பாசம் இருந்தது. ஒருத்தி கரை சேர்ந்தாள், மற்றவள் சேரவில்லை. அந்த முடிவை ஒரு சின்னப் பெண்ணின் தலையில், புயல் வந்த பிறகு சுமத்தியதுதான் தப்பு. முடிவை விடியற்காலையிலேயே, குழந்தை வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். கடுங்குளிர் தேசத்துப் பள்ளி லீவின் சாரம் இதுதான்.

நூற்று இருபத்தாறு வருஷம் கழித்தும் இந்தப் பாடம் மறந்துபோனதுண்டு. 2014 ஜனவரி 28-ஆம் தேதி, தெற்கே ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் விழுந்த பனி இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மினசோட்டாக்காரர்கள் இதைப் பனி என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் அட்லாண்டாவுக்குப் பழக்கமில்லை. காலையில் பள்ளிகளைத் திறந்துவிட்டு, பனி விழ ஆரம்பித்ததும் பள்ளி, ஆபீஸ், கடை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விட்டார்கள். ஊரே சாலைக்கு வந்தது, சாலை உறைந்தது. பேருந்துகள் அசையவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் ராத்திரி முழுவதும் பள்ளிக்கூடத்திலேயே படுத்தார்கள். சில பேர் பேருந்துக்குள்ளேயே பொழுதைக் கழித்தார்கள். நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்ட ஒரு காருக்குள் ஒரு பெண் குழந்தையே பிறந்துவிட்டது! அடுத்த மாதம் மறுபடி புயல் என்றதும், அங்கே பள்ளிகளை முன்கூட்டியே மூடிவிட்டார்கள்.

அதே 2014 ஜனவரி 6-ஆம் தேதி மினசோட்டா கவர்னர் மார்க் டேட்டன் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளை மூடச் சொன்னார். கடுங்குளிருக்கே பேர்போன அந்த மாநிலத்தில் மாநிலம் தழுவிய லீவு விட்டது அதற்கு முன் 1997-இல்தான். ஆக, அவர்களும் சும்மா சும்மா மூடுவதில்லை.

தெர்மாமீட்டர் மட்டும் சொல்லாது

எத்தனை டிகிரியில் மூடுவது என்பதற்கு உலகப் பொதுவான கணக்கு எதுவும் இல்லை. ரஷ்யாவில் சைபீரியப் பகுதியில் ஓய்மியாகோன் என்று ஒரு கிராமம். உலகத்திலேயே மனிதர்கள் நிரந்தரமாக வசிக்கிற இடங்களில் மிகவும் குளிரான ஊர்களில் ஒன்று. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 52 டிகிரியை எட்டினால்தான் பள்ளி லீவாம்! காஷ்மீரத்தில் வேறு வழி. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் 'சில்லை கலான்' என்கிற கடுங்குளிர் காலம். அதையொட்டி டிசம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டுவிடுகிறார்கள். இமாசலப் பிரதேசத்து மலையூர்களிலும் நீண்ட விடுமுறை கோடையில் இல்லை, குளிர்காலத்தில்தான்.

டில்லி, உத்தரப் பிரதேசம் பக்கம் ஜனவரியில் நாலைந்து டிகிரிக்கே பள்ளிகளை மூடுகிறார்கள், அல்லது நேரத்தைத் தள்ளி வைக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகவில்லையே என்று சிரிக்கக் கூடாது. அங்கே வகுப்பறையில் கணப்பு கிடையாது. பாதிக் குழந்தைகளிடம் நல்ல ஸ்வெட்டர் இருக்குமோ என்னவோ. அடர்ந்த மூடுபனியில் எதிரே வருகிற வண்டி தெரியாது. குளிரின் கொடுமை, டிகிரியைப் போலவே வீட்டையும் துணியையும் சாலையையும் பொறுத்தது.

படிப்பு கெடாதா?

வாசகியின் அடுத்த கேள்விக்கு வருகிறேன். பல மாநிலங்களில் வருஷத்துக்கு 180 நாள் பள்ளி நடந்தாக வேண்டும் என்று விதி. அதனால் பள்ளி ஆண்டு தொடங்கும்போதே சில நாட்களைப் பனிக்கென்று உபரியாக ஒதுக்கி வைப்பார்கள். மாதச் செலவில் ஆஸ்பத்திரிக்கென்று நாம் கொஞ்சம் ஒதுக்குகிற மாதிரி. அதற்கும் மேலே போனால் ஜூன் மாதத்தில் பள்ளியை நீட்டிப்பார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோஷுவா குட்மன் என்ற பேராசிரியர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு முடிவு சொன்னார். பனிக்காகப் பள்ளியை மூடிய நாட்களால் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. பள்ளி திறந்திருந்தும் பிள்ளைகள் வராமல் போன நாட்களால்தான் குறைந்தது! காரணம் எளிது. எல்லோருக்கும் லீவு என்றால் ஆசிரியை விட்ட இடத்திலிருந்து எல்லோருக்கும் சேர்த்துத் தொடங்கலாம். பாதிப் பேர் வந்து பாதிப் பேர் வராவிட்டால், வராதவன் பின்தங்கிவிடுகிறான்.

கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு மாற்றம். மூடுகிற நாட்களில் பல ஊர்களில் கம்ப்யூட்டர் வழியே வீட்டிலிருந்தே பாடம் நடத்துகிறார்கள். மினசோட்டாவில் 2017-லேயே சட்டம் வந்து, வருஷத்தில் ஐந்து நாள் வரை இப்படி நடத்தலாம் என்று அனுமதித்தார்கள். குழந்தைகளுக்கு இதில் வருத்தம். பனி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இரவு உடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்வதும், தலையணைக்கடியில் கரண்டியை வைத்துக்கொள்வதும் அங்கே பிள்ளைகளின் வழக்கம். என் பேரனும் செய்தான். காலையில் என் சாம்பார்க் கரண்டியைத் தேடி அலுத்துப்போனேன்!

கதவைத் தட்டியது யார்?

படிப்பு கெடவில்லை, சரி. தாயார் வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான் நிஜமான சங்கடம். அந்த ஜனவரி வாரத்தில் அதையும் கண்ணால் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஆறரை மணி. வாசல் மணி அடித்தது. திறந்தால் எதிர் வீட்டு அமெரிக்கப் பெண், ஒரு பெரிய கடையில் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிறவள். இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள். கண்ணைத் தவிர எதுவும் தெரியாதபடி போர்த்தியிருந்தாள். நேற்று ஒரு நாள் வேலைக்குப் போகவில்லையாம். இன்றும் போகாவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். இதைச் சொல்லும்போது அவள் என் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள்.

என் மகளும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஏது பனி லீவு? என் பக்கம் திரும்பி, "அம்மா, உன்னால முடியுமா?" என்றாள்.

எனக்குப் பேசுகிற இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் மூன்று குழந்தைகளுக்குச் சோறு போடப் பாஷை எதற்கு? "விட்டுட்டுப் போகச் சொல்லு" என்றேன். பருப்புச் சாதம் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். சின்னது முதலில் முகத்தைச் சுளித்தது. இரண்டாவது கவளத்துக்கு வாயைத் திறந்துவிட்டது. பெரியவன், எட்டு வயசு இருக்கும், இரண்டு தட்டுச் சாப்பிட்டான். "பள்ளிக்கூடத்துல இவங்களுக்குச் சாப்பாடு இலவசம்மா. லீவு விட்டா அதுவும் கிடையாது" என்று சாயந்தரம் மகள் சொன்னபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. அந்த இரண்டு தட்டின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

2014 பிப்ரவரி 13-ஆம் தேதி நியூயார்க்கில் பெரிய பனிப்புயலிலும் பள்ளிகளைத் திறந்து வைத்தார்கள். வந்தது பாதிக்கும் குறைவான பிள்ளைகள்தான். ஊரே நகர நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்தது. ஆனால் நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று, பள்ளியில்தான் பல குழந்தைகளுக்குப் பாதுகாப்பும் சூடான சாப்பாடும் கிடைக்கிறது என்பது. அதையும் தள்ளிவிட முடியுமா? மூடினால் ஒரு குழந்தைக்குச் சோறில்லை. திறந்தால் ஒரு குழந்தைக்கு வழியில் ஆபத்து. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிற அந்த அதிகாரியின் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் மூடுவதுதான் சரி. சோற்றுக்கு மாற்று வழி உண்டு. போன உயிருக்கு இல்லை. ஆனால் பள்ளி மூடுகிற அன்றைக்கு அக்கம்பக்கத்தில் ஒரு வீடாவது திறக்க வேண்டும். அதை எந்த அதிகாரியும் உத்தரவு போட்டுச் செய்ய முடியாது. நம் மாதிரிப் பெண்கள்தான் செய்ய முடியும்.

மகளுக்கு எழுதுங்கள்

குளிர்தேசத்தில் மகளோ மருமகளோ இருக்கிற சகோதரிகள் இவற்றைச் சொல்லி வையுங்கள். டில்லி, காஷ்மீரம் என்று மாற்றலாகிப் போகிறவர்களுக்கும் உதவும்.

ஒரே தடித்த துணியைவிட, இரண்டு மூன்று மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. நடுவே தங்குகிற காற்று சூட்டைக் காக்கும். தனித்தனி விரல் உள்ள கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாகப் போகிற பை மாதிரிக் கையுறை அதிகச் சூடு தரும். காலுறை நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

கைக்குழந்தைக்குக் கனமான கோட்டைப் போட்டு, அதன் மேலே காரின் குழந்தை இருக்கைப் பட்டையை மாட்டக் கூடாது. பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் பட்டை தளர்வாகத்தான் இருக்கும். பட்டையை முதலில் மாட்டி, மேலே போர்வையைப் போர்த்த வேண்டும். ஒரு வயசுக்குட்பட்ட குழந்தை தூங்கும்போது தொட்டிலில் தளர்வான போர்வை வேண்டாம். உடம்போடு ஒட்டிய கதகதப்பான உடையே போதும்.

மூக்கு, காது, விரல் இவற்றில் தோல் வெளுத்தோ சாம்பல் பூத்தோ, மெழுகு மாதிரி இறுகி, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் குளிரில் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தேய்க்கவே கூடாது. அடுப்பருகிலோ ஹீட்டரருகிலோ காட்டவும் கூடாது. உணர்ச்சி இல்லாததால் சுட்டாலும் தெரியாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி வைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். குழந்தை நடுங்கி, பேச்சுக் குழறி, தூக்கமாக விழுந்தாலோ, கைக்குழந்தை சில்லிட்டுப் பால் குடிக்காமல் துவண்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பை வைக்கவே கூடாது. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் மின்சாரம் நின்றபோது, கரியடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்துச் சில குடும்பங்கள் இப்படி மாண்டன. நம் வட மாநிலங்களிலும் 'அங்கீட்டி' என்கிற கணப்பால் குளிர்காலந்தோறும் இந்தத் துக்கச் செய்தி வருகிறது.

அன்றைக்குச் சாயந்தரம் எதிர் வீட்டுப் பெண் குழந்தைகளைக் கூட்டிப்போக வந்தாள். பெரியவன் வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே என் பேரனிடம் ஏதோ கேட்டான். "என்னடா சொல்றான்?" என்றேன்.

"நாளைக்கும் ஸ்கூல் இல்லேன்னா அந்த மஞ்சள் சாதம் செய்வாங்களான்னு கேக்கறான் பாட்டி."

"கட்டாயம் செய்வேன்னு சொல்லு" என்றேன்.

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரியே, பள்ளிக்கூடம் மூடிவிட்டார்களே என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் பெண்ணிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இன்றைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கே இருக்கிறது?" என்று.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி